ஜன்னலுக்கு ஒரு துணி

கிராமத்துச் சுகாதார நிலையம் இனி ஊராட்சியின் பொறுப்பு என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ரோடு, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் உறுப்பினர்கள் ஏற்கெனவே ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டிருந்தார்கள். சுகாதாரத்தைக் கேட்பார் இல்லை. கூட்டத்துக்குத் தாமதமாக வந்த தையல்காரியின் தலையில் அதைக் கட்டினார்கள். அவளும் ஓர் உறுப்பினர்தான்.

"எனக்குத் தெரிஞ்ச ஊசி மிஷின்ல மாட்டுற ஊசிதான்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"அது போதும்மா" என்றார் தலைவர்.

மறுநாள் முதல் அளவு கொடுக்க வந்தவர்கள் நாக்கையும் நீட்டினார்கள். ஒருவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார்.

"நான் மெம்பர்ண்ணே, டாக்டர் இல்ல."

"ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

இது சரிப்படாதென்று சுகாதார நிலையத்துக்கே போனாள். அங்கே நர்சு மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பரிசோதனை அறையின் ஜன்னல் டீக்கடையைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. எந்தப் பெண் அங்கே வந்து படுப்பாள்?

"ஒரு துணி கேட்டு வருஷக்கணக்கா மாவட்ட ஆபீசுக்கு எழுதுறேன். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வருது. அந்தப் பேப்பரை ஒட்டியே ஜன்னலை மூடியிருக்கலாம்" என்றாள் நர்சு.

இப்போது ஊராட்சியே முடிவெடுக்கலாமே! தையல்காரி கூட்டத்தில் பேச்சை எடுத்தாள். நீலத்துணி போடலாம் என்றார் தலைவர். அது உங்கள் கோஷ்டி நிறம், மஞ்சள்தான் வேண்டும் என்றார்கள் எதிர் கோஷ்டியினர். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தும் ஜன்னல் அம்மணமாகவே நின்றது.

அவளுக்குப் பொறுமை போயிற்று. மிஷினுக்கடியில் கிடந்த மூட்டையை இழுத்துப் பிரித்து, அதிலிருந்த வெட்டுத்துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டுப் பெரிய திரையாகத் தைத்து மாட்டிவிட்டாள். எல்லா நிறமும் இருந்ததால் இரு கோஷ்டிக்கும் வாயடைத்துப் போயிற்று.

தயங்கித் தயங்கி வந்த முதல் பெண் கட்டிலில் படுத்தாள். படுத்தவள் துள்ளி எழுந்தாள்.

"நர்சம்மா, அந்தப் பூப்போட்டது என் சட்டைத் துணி! மிச்சமே இல்லன்னு சாதிச்சாளே அந்த மகராசி!"

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் துணியைத் தேடிப் படையெடுத்தார்கள். நர்சு லேசுப்பட்டவளா? எடையும் ரத்த அழுத்தமும் பார்க்காமல் ஒருத்தியையும் திரைப்பக்கம் விடவில்லை.

தையல்காரி உள்ளே நுழைந்ததும் பால்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு பாவாடைத் துணி எங்கடி?"

"ஓரம் நைஞ்சு போச்சுக்கா..."

"நைஞ்சு போச்சா? அந்தா தொங்குது பாரு!"

சண்டைக்கு நடுவிலேயே நர்சு பால்காரம்மாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். அளவைப் பார்த்ததும் நர்சின் முகம் மாறியது. உட்காரவைத்து, கோபம் தணிந்தபின் மறுபடி பார்த்தாள். அழுத்தம் இறங்கவே இல்லை.

டவுன் பெரியாஸ்பத்திரிக்குத் தையல்காரியே பஸ்ஸில் கூட்டிப்போனாள். வழிநெடுக பால்காரம்மா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்கியபோதெல்லாம் தையல்காரி தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை கால் விழுந்திருக்கும்மா" என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் திட்டு இல்லை.

கூட்டம் இவ்வளவு கூடியது எப்படி என்று மாவட்ட அதிகாரி வந்து விசாரித்தார்.

"விழிப்புணர்வு சார்" என்றாள் நர்சு, திரையைப் பார்க்காமல்.

பால்காரம்மா இப்போது மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறாள். துணியும் தையல்காரியிடம்தான் கொடுக்கிறாள். ஆனால் வெட்டி முடிக்கும்வரை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கத்தரியைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.