அண்ணி ஒதுங்கிய நாட்கள்

காலாப்பட்டில் பிறந்த எங்கள் அண்ணி, பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கிய இரண்டாம் வருடம், வைத்திக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். அவர் மறைந்து இன்றோடு ஓராண்டு. அவருடைய பொறுமையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் என் சந்தேகப் புத்தியைப் பற்றி எழுதவேண்டும். "இதையெல்லாம் அச்சில் போடலாமா?" என்று அண்ணன் தயங்கினார். போட்டே ஆகவேண்டும் என்றேன்.

சிறுவயதுக் காய்ச்சலில் என் இரண்டு கால்களும் விளங்காமல் போயின. வயதுக்கு வந்தபின் மாதம் மூன்று நாள் கொல்லைக் கொட்டகையில் என்னை விட்டுவிடுவார்கள். தீட்டு என்று யாரும் தொடமாட்டார்கள். தவழ்ந்துபோய்த் துணியை அலசி, காயாமலே மறுபடி கட்டுவேன். தொடையெல்லாம் புண். யாரிடம் சொல்வது?

அண்ணி வந்த இரண்டாம் மாதம், நான் ஒதுங்கிய அன்றே அவரும் ஒதுங்கினார். இருவருக்கும் தீட்டு என்றால் தொடத் தடையில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்தார், துணி மாற்றினார், புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவினார். "வெயிலு படாத துணிதான் கண்ணு புண்ணு பண்ணுது" என்று எல்லாவற்றையும் நல்ல வெயிலில் உலர்த்தினார்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் எனக்கு இரண்டு நாள் தள்ளியது; அவருக்கும் தள்ளியது. எனக்கு உறுத்தியது. காரணமில்லாமல் ஒருத்தி இவ்வளவு செய்வாளா? அடுப்படியிலிருந்து தப்பிக்க என்னைச் சாக்காக்குகிறார் என்றே நினைத்தேன். துணி காயும் கொடியைக் கவனித்தேன். காய்ந்தவை எல்லாம் என் துணிகள்.

வீட்டுக்கு வந்துபோன உறவுப் பெண்களிடம் சொன்னேன். அம்மாவிடமும் வத்தி வைத்தேன். "அண்ணி வேலைக்கு டிமிக்கி குடுக்குதும்மா. அதுக்கு ஒண்ணும் வரல."

அம்மா கொல்லைக்கு வந்து, "நெசமாடி?" என்றார்.

அண்ணி தலைகுனிந்தார். "நான் முழுகாம இருக்கேன் அத்தை. மூணு மாசம்."

"அடிப்பாவி! புள்ளத்தாச்சி இங்க எதுக்குடி வந்து ஒக்காந்த?"

"வேற எப்படி அவளத் தொடுறது? நீங்க விடமாட்டீங்களே."

அம்மா அண்ணியைக் கைப்பிடித்து எழுப்பி உள்ளே அனுப்பினார். போச்சு, இனி நான் தனி என்று அழுதேன். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னருகில் உட்கார்ந்தார். "மாத்துத் துணி எங்கடி?" என்றார். அந்த மாதத்திலிருந்து நான் தனியாகக் கிடந்ததில்லை.

சென்ற வருடம் மஞ்சள் காமாலையில் அண்ணி படுத்த கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் உடம்பு துடைத்துவிட்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், பார்க்க வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

உறவினர்களுக்கு இன்னொன்று. அண்ணி வேலைக்குக் கள்ளி என்று இன்றும் சிரிக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவள் நான்தான். மறுத்தால் என் விஷயத்தை நாலுபேர் முன் பேசவேண்டிவரும் என்று, அண்ணி சாகும்வரை அந்தப் பேரைச் சுமந்தார். இனி யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்.