டீக்கடை வாசல்ல ஒரு அடிபம்பு

ஊர்ல தண்ணி வரலன்னாலும் கம்ப்யூட்டர்ல வரவெக்கிறதுதாங்க எங்க தொழிலு. கீபோர்டு தட்டித் தட்டி விரல் தேஞ்சுபோன என் இனமே, உங்களுக்குச் சொல்லணுமா? காலேஜ பாதியில வுட்டுட்டு சுத்திகினு இருந்த என்னை, வெளிநாட்டுப் பணத்துல கிராம வேலை செய்ற ஒரு திருத்தணி ஆபீசு புடிச்சு உக்காரவெச்சுது. எந்த ஊர்ல என்னா கட்டுனாங்க, முடிஞ்சுதா இல்லியான்னு சாஃப்ட்வேர்ல ஏத்தணும். பணம் குடுக்குறவங்க வெளிநாட்டுல உக்காந்துகினு அத்தப் பார்த்து சந்தோஷப்படுவாங்க.

பச்சைப் புள்ளி

பள்ளிப்பட்டு தாண்டி ஒரு காலனில அடிபம்பு போட்டாங்க. பம்பு பக்கத்துல நின்னு போன்ல இடத்தப் பதியணும். பதிஞ்சா சாஃப்ட்வேரு செவப்பா கத்துது: இது ஆந்திரா, ஒத்துக்க மாட்டேன். எவனோ ஏசி ரூம்ல உக்காந்து எல்லைக்கோட்ட கோணலா இழுத்திருக்கான். ஓட்டும் ரேஷனும் தமிழ்நாட்டுல இருக்கிற ஜனம் ஒரே இழுப்புல ஆந்திராவுக்குப் போயிடுச்சு. மெயில் போட்டா, கோடு சரியாத்தான் கீது, ஊர சரிபாருங்கன்னு பதில் வருது.

எங்க மேனேஜரு மதுரைக்காரரு. திரும்பி வரும்போது திருத்தணி பைபாஸ் டீக்கடையில எறங்கி, ஒரு கையில பஜ்ஜி, ஒரு கையில போனு, அங்கியே பதிஞ்சுட்டாரு. ஒடனே பச்சை. அப்ப பம்பு டீக்கடையிலன்னு ஆயிடுமே சார்ன்னேன்.

"பம்பு எங்க இருந்தா என்னப்பா, புள்ளி பச்சையா இருக்கா பாரு."

முடிஞ்சது ஒடையாது

கோடையில பம்பு புட்டுகிச்சு. காலனி முனியம்மாக்கா காலி குடத்தோட பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துச்சு. பக்கத்து நெலத்துக்காரரு மோட்டார்ல புடிக்கப் போனா வெரட்டுறாராம். புள்ளைங்க பள்ளிக்கூடம் போவாம தண்ணிக்கு அலையுதுங்களாம்.

சாஃப்ட்வேர தொறந்தா 'முடிந்தது'ன்னு கீது. ரிப்பேர்னு ஏத்துனாத்தான் மெக்கானிக்கு வருவான். ஏத்தறதுக்கு பட்டனே இல்ல. மேலிடத்துல கேட்டா, முடிஞ்ச வேலை எப்பிடி ஒடையும்னு என்னையே கேக்குறாங்க. இத்த அப்பிடியே அக்காகிட்ட சொன்னேன். காலி குடத்த ஸ்கிரீன் முன்னாடி தூக்கிக் காட்டுச்சு.

"தண்ணி இதுல வருதுன்றியே நைனா, குடத்த எங்க வெக்கட்டும்?"

வெள்ளக்காரம்மா வந்த நாளு

பணம் குடுக்குற வெள்ளக்காரம்மா பம்பு பார்க்க வருதுன்னு சேதி. நான் வழி காட்டறேன்னு மேனேஜரு எவ்ளோ கெஞ்சியும், அந்தம்மா அவங்க சாஃப்ட்வேர நம்பி மேப்பு போட்டுச்சு. அது எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியாதா? மொதல் நாளே முனியம்மாக்காவுக்குப் போன் போட்டு, டீக்கடைக்கு வந்துடுங்கன்னுட்டேன்.

கார் கரெக்டா பஜ்ஜி சட்டி முன்னாடி நின்னுச்சு. காலி குடத்தோட பொம்பளைங்க வரிசை. அந்தம்மா பம்பத் தேடுது, மேனேஜருக்கு வேர்த்து ஊத்துது. பம்பு ஒடஞ்ச கதைய அக்கா பூரா சொல்லுச்சு. மேனேஜரு அத்த இங்கிலீஷுல, ரொம்ப நன்றி சொல்றாங்கன்னு முடிச்சுட்டாரு.

வெள்ளக்காரம்மா கூட வந்த பொண்ணு ஹைதராபாத்து. போன்ல தெலுங்கு பேசிகினு இருந்தத அக்கா கவனிச்சிருக்கு. எல்லைக்காரங்களாச்சே, அப்பிடியே தெலுங்குக்குத் தாவி மொதல்லருந்து ஆரம்பிச்சுடுச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணு விடாம இங்கிலீஷுல சொல்லிகினே வருது, வெள்ளக்காரம்மா மூஞ்சி மாறிகினே வருது. தெலுங்கு தெரியாத மேனேஜரு, அது என்னடா பேசுதுன்னு என் காதுல கேட்டாரு.

"உங்களுக்குத்தான் சார் நன்றி சொல்லுது."

அந்த வாரமே மெக்கானிக்கு வந்துட்டான், காலனில தண்ணி வருது. ஆனா சாஃப்ட்வேர் கணக்குல அந்தப் பம்பு ஒடையவும் இல்ல, சரியாவவும் இல்ல, பஜ்ஜி சட்டி பக்கத்துல இன்னும் பச்சையா நின்னுகினு கீது.