பாப்கார்ன் வாங்கப் போன அப்பாக்கள்

பிள்ளைகளே, படத்தில் காதல் காட்சி வந்ததும் அப்பாக்கள் பாப்கார்ன் வாங்க எழுந்து போவது பயத்தினால்தான். தாம்பரம் தியேட்டரில் நானும் பத்தாவது படிக்கும் மகளை விட்டுவிட்டு வெளியே வந்தேன். கூடச் சிரித்தால் காதலுக்குச் சம்மதம் என்று நினைப்பாளோ, முறைத்தால் நாளை எதையும் சொல்லாமல் மறைப்பாளோ என்று கவலை. கதவருகே இன்னொரு அப்பா, கதவின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீன் முடிஞ்சிடுச்சா சார்?” என்றேன்.

“எங்க சார், பையன் இன்னும் லவ்வச் சொல்லவே இல்ல. அவ போற பஸ்ஸு வேற வந்துடுச்சு. சொல்லித் தொலையேன்டா.”

உள்ளே சிரிப்பு வெடித்ததும் இருவரும் ஓடினோம்.

“எங்கப்பா போன? நல்ல சீன் போச்சு,” என்றாள் மகள்.

“கதவாண்டதாம்மா நின்னேன். சொன்னானா?”

வீடு வரும்வரை அவள் அந்தக் காட்சியைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது நான் எழுந்து போவதில்லை. அந்த மனிதர்தான் எந்தக் கதவருகே, எந்தப் பையனுக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறாரோ.