ஆறு மணி நேர தூரம்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. பெட்டிக்காரர்தான். இறந்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். எதிரே வந்தால் பாதிப் பேர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார்கள். அதே கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கும் நான் குனிந்து தப்பிக்க முடியுமா? பேசிப் பழகிவிட்டேன். வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற மனிதர்.

சாவு வீட்டில் பெட்டியை இறக்கியதும் அவர் கேட்பது ஒன்றுதான்: "யாரு வரணும்? எங்கேருந்து?" ஊரைச் சொன்னால் போதும், விமானம் எத்தனை மணி நேரம், நடுவில் மாறணுமா, எல்லாம் விரல் நுனியில். இத்தனைக்கும் விமான நிலைய வாசலைக்கூட மிதித்ததில்லை. "ஏழு மணி நேரம்தாங்க, பையன் வந்துடுவான்" என்று யாராவது சொன்னால், "அது பறக்கறதுக்கு. லீவு கிடைக்கணும், டிக்கெட் கிடைக்கணும். ரெண்டு நாள்னு வெச்சுக்குங்க" என்பார். அப்படியேதான் நடக்கும்.

அவர் மனைவி படுத்த படுக்கையானார். டாக்டர் கையை விரித்துவிட்டார். எத்தனை நாள் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரே மகள் ஆறு மணி நேர விமான தூரத்தில், யார் வீட்டிலோ குழந்தை பார்க்கிற வேலை. போனில் அழுதாள்: "அப்பா, ஒரு தடவைதான் விடுவாங்களாம், பத்து நாள். இப்ப வரவா? இல்ல... அப்புறம் வரவா? நீங்களே சொல்லுங்கப்பா."

ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னவர் "இரும்மா" என்று போனைப் பொத்திக்கொண்டார். மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க சார்" என்றார். உள்ளேயிருந்து அந்தம்மாவே குரல் கொடுத்தார்: "இப்பவே வரச் சொல்லுங்க. செத்தப்புறம் வந்து என்கிட்ட என்ன பேசப் போறா?"

மகள் வந்தாள். அந்தம்மா எழுந்து உட்கார்ந்தார், தலை வாரிக்கொண்டார், ரெண்டு வாய் கூடுதலாகவும் சாப்பிட்டார். "பாத்தீங்களா, உங்க கணக்கு தப்பு" என்று புருஷனைச் சீண்டினார். அவரும் அசடு வழியச் சிரித்தார். லீவு தீர்ந்தபோது, "இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாரேம்மா" என்றார் பெட்டிக்காரர். கேட்டாள். வேலையே போய்விடும் என்றார்கள்.

காலையில் கிளம்பினாள். மதியம் அந்தம்மா மூச்சு அடங்கிவிட்டது.

மகள் அப்போது வானத்தில். சேதி சொல்ல வழியில்லை. பெட்டிக்காரர் போனைக் கையில் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேன் டிரைவர் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். பழக்க தோஷம், "யாரு வரணும்ணே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாரும் இல்லப்பா. வந்துட்டுப் போயிட்டா" என்றார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "அவ இறங்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் அவளுக்கு அம்மா இருக்கா."