மீன் போட்ட நாட்கள்

பொன்னுரங்கத்தின் வீட்டுக் கதவில், உட்புறம், ஐந்தாறு மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு மூன்றாவது கட்டத்திலும் நீல மையில் ஒரு மீன். மீன் போட்ட நாளில் இன்சுலின் பதினாலு யூனிட். மீன் இல்லாத நாளில் இருபத்து நாலு. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், எண் நன்றாக வரும். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களில் ஓட்ஸும் ஆப்பிளும் தினம் முக்கால் மணி நேர நடையும் அச்சாகியிருந்தன. அவற்றைச் செவ்வந்தி, அவர் மனைவி, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். அவை யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதனால் அவருக்குப் பொருந்தவில்லை.

பழவேற்காடு ஏரியில், பசியாவரத்துக்கு வடக்கே சிறு குப்பம். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டில் பத்து வருடம் அவரே தன் வைத்தியர். உடம்பு லேசாக இருந்தால் ஊசியை விட்டுவிடுவார். தலை சுற்றினால் இரண்டு மடங்கு ஏற்றிக்கொள்வார். எளாவூரில் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை ஆறு மாதம் குடித்துப் பார்த்தார். அதன் முடிவில் இடது காலின் சுண்டு விரலை எடுக்க வேண்டிவந்தது. கால் இரண்டிலும் உணர்ச்சி குறைந்துவிட்டது. சேற்றில் நிற்கும்போது சேறு தெரிவதில்லை என்பார். பெரிய டாக்டர் கடைசியாகச் சொன்னது இதுதான்: சர்க்கரை இப்படியே இருந்து இன்னொரு காயமும் பட்டால், காலை எடுத்துவிட வேண்டியதுதான்.

கால் போனால் என்ன போகும் என்பது அவருக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும். ஏரியில் இறால் வலை கட்டும் இடங்கள் ஊருக்குப் பொது. குப்பத்து ஆண்கள் மூன்று குழு. குழுவுக்கு மூன்று நாளைக்கு ஒரு நாள் முறை. அந்த முறைக்குப் பெயர் பாடு. பாடு நாளில் விடிவதற்குள் படகேறிப் போய், இடுப்பளவு தண்ணீரில் கழி நட்டு வலை கட்டி, மதியம் தாண்டி அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். பெயர் உள்ளவனே வந்து நிற்க வேண்டும். ஆறு பாடு தொடர்ந்து வராதவன் பெயரை எடுத்துவிடுவார்கள். மகன் இருந்தால் அந்த இடத்தில் அவன் பெயர் ஏறும். பொன்னுரங்கத்துக்கு ஒரே மகள், கீதா. கோட்டைக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவர் காலோடு அந்த வீட்டின் பாடு முடிந்தது.

பிரின்சி துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ். முதல் நாள் படகில் வந்து இறங்கி, அவர் சர்க்கரையைப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து. திட்டவில்லை. உட்கார்ந்து கேட்டாள்.

"காலைல எத்தினி மணிக்கு சாப்புடுவீங்க?"

"எந்தக் காலைல?"

"இன்னாண்ணே இது, காலைன்னா காலைதான்."

"பாடு காலைன்னா சாப்பாடே கிடையாது சிஸ்டரம்மா. ஊட்டுக் காலைன்னா எட்டு மணிக்கு."

அவள் பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இதை ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தினமும் ஒரே அளவு ஊசி. ஒரு நாள் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு சேற்றில் உழைப்பு. அடுத்த இரண்டு நாள் வலை தைத்துக்கொண்டு நிழலில் உட்காருவது. ஒரே ஆளுக்குள் இரண்டு உடம்பு இருந்தது. மருந்து ஒன்றுக்குத்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் பேசிக் கையெழுத்து வாங்கி, மீன் வரைந்த தாளோடு வந்தாள். அந்த வீட்டு டம்ளரை எடுத்து, சோறு இதில் ஒன்றரை என்று அளந்து காட்டினாள். கருவாட்டைக் குறை, மீனைக் குறைக்காதே என்றாள். பாடு நாளில் கிளம்பும் முன் இரண்டு இட்லி, இடுப்பில் ஒரு பிஸ்கட் பாக்கெட். ரப்பர் பூட்ஸைச் சேறு பிடுங்கிக்கொள்ளும் என்று அவர் சொன்னதால், கணுக்கால் வரை கயிறு கட்டுகிற துணி ஷூ ஒன்றைத் தேடி வாங்கி வந்தாள். ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் விடுகிற நாளில் பாடு உண்டா, புயல் கொடி ஏற்றினால் உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள். கேட்கத் தெரிந்த பெண். ஆனால் ஊரில் சாவு விழுகிற நாளைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளம்பும்போது அவள் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள்.

"உங்க இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க, எறக்காதீங்க. தாள் இன்னா சொல்லுதோ அதான். சரியாண்ணே?"

"என் பொண்ணு மேல சத்தியம்," என்றார்.

படகில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரோடு ஒரே படகில் போகும் பூபதி அந்த ஷூவை விடவே இல்லை.

"இன்னா மாமா, பொண்ணு பாக்கவா கெளம்பிட்ட? டை ஒண்ணுதான் பாக்கி."

"ஒனக்குத்தாண்டா பாக்கப் போறேன். எவளும் ஒத்துக்க மாட்டேங்கறா."

நாலாவது மாதம் சர்க்கரை நூற்றைம்பதுக்கு வந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. தன் வாழ்நாளில் எந்தச் சொல்லையும் அவர் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டு நடந்ததில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், பின்னால் நடந்தது அந்த ஒழுங்கிலிருந்தே வந்ததால்.

ஐப்பசியில், மீன் போட்ட ஒரு நாள் விடியற்காலை, அவர் பதினாலு போட்டுக்கொண்டு இட்லியும் தின்றுவிட்டார். மேலண்டைத் தெருவில் அழுகுரல் கேட்டது. ஒரு கிழவர் போய்விட்டார். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அன்றைய பாடு மறுநாளுக்குத் தள்ளிப்போகும், அதன் பின்னால் எல்லாம் ஒவ்வொரு நாள் தள்ளும். செவ்வந்தி பிஸ்கட் பாக்கெட்டைச் சாவு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விடிவதற்குள் எழுந்தார். ஊசியை எடுத்துக்கொண்டு கதவருகில் போனார். அன்று பாடு. தாளில் மீன் இல்லை.

"இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற?" என்றாள் செவ்வந்தி.

"இன்னிக்கி மீன் போடல."

"அதான் நேத்து சாவு வுழுந்திச்சே. பதினாலே போடு."

"அப்பிடித்தான் நானா போட்டுப் போட்டு வெரல வுட்டேன்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு போன் போடு."

"விடியல இன்னும். வயசுப் பொண்ணு, தூங்கட்டும்."

இருபத்து நாலு போட்டுக்கொண்டார். தாளை நம்பினார் என்று சொன்னால் போதாது. தன்னை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார். மிகுந்த சிரமப்பட்டு, ஒரு விரலைக் கொடுத்துக் கற்றது அது. அந்த ஒரு காலையில் மட்டும் அவருக்குத் தெரிந்ததுதான் சரி. அதை அவர் எப்படி அறிய முடியும்?

மழைக்குப் பிறகான தண்ணீர், இறால் நன்றாக விழுந்தது. பத்து மணிக்கு மேல் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இடுப்பில் பிஸ்கட்டும் இல்லை. கழியைத் தப்பான இடத்தில் நட்டார். பூபதி கூப்பிட்டதற்கு ஏதோ குழறினார்.

"மாமா, காலைலயே ஊத்திக்கினியா?" பூபதி சிரித்தான். "டேய், நம்ம மாமா மப்புல கீதுடா."

எல்லோரும் சிரித்தார்கள். கால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். எரிய அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை. வெறுங்காலோடு சிப்பிப் படுகை மேல் நடந்து போனார், கரை அந்தப் பக்கம் இருப்பதுபோல. அங்கே கரை இல்லை. விழுந்த பிறகுதான் பூபதி ஓடிப் போய்த் தூக்கினான். வாயை முகர்ந்து பார்த்தான். சாராய வாசம் இல்லை. அப்போதுதான் பயந்தான். யாரோ வைத்திருந்த டீயைச் சர்க்கரையோடு வாயில் ஊற்றினார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, "வலை இன்னா ஆச்சு?" என்று கேட்டார். இடது பாதம் குறுக்கே கிழிந்து, சேறு உள்ளே போயிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை.

காயம் பதினோரு நாள் தாங்கியது. பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆறு பாடு தவறி ஏழாவதும் கழிந்த மறுநாள் ஊர்த்தலைவர் சின்னதம்பி வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே நின்றபடியே பேசினார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மச்சான். ஒனக்குத் தெரியாதது இல்ல."

"நானும் கூட இருந்து எடுத்த பேருங்கதான எல்லாம்," என்றார் பொன்னுரங்கம். "ஒக்காரு, டீ குட்சிட்டுப் போ."

சின்னதம்பி உட்காராமலே குடித்துவிட்டுப் போனார்.

பிரின்சி ஒரு மாதம் கழித்துத்தான் வந்தாள். அந்த ஒரு மாதமும் அவள் பசியாவரம் வரை வந்து திரும்பிப் போனதைப் படகுக்காரர்கள் சொன்னார்கள். வந்தவள் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. செவ்வந்தி அதைக் கேட்கும் முகத்தோடும் இல்லை. பூபதிக்கும் இப்போது சர்க்கரை இருப்பது தெரிந்திருந்தது. அவனுக்கு ஒரு தாள் போட வேண்டும்.

"பாடு எப்ப எப்பல்லாம் தள்ளும்ணே? எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். சாவு விழுந்தால் ஒரு நாள். இரண்டு சாவு விழுந்தாலும் ஒரே நாள்தான், ஒன்றாக எடுத்தால். அம்மன் கூழுக்கு ஒரு நாள். ஊர்க்கூட்டத்தில் சண்டை முடியாவிட்டால் முடியும்வரை. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். தேதிக் கட்டத்தை அடித்துவிட்டு, 'தண்ணீரில் இறங்கும் நாள்', 'இறங்காத நாள்' என்று இரண்டே கட்டம் போட்டாள்.

"இத மொதல்லயே போட்டிருக்கலாம்," என்றாள் மெதுவாக.

"போட்டிருக்கலாம்," என்றார்.

பிறகு அவருக்கான புதுத் தாளை எடுத்தாள். செவ்வந்தி கதவிலிருந்து பழையதைக் கிழித்தாள். பசை பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்தது. புதிய தாளில் கட்டமே இல்லை. ஒரு எண் மட்டும் இருந்தது.

"மீன் போடலியா?" என்று கேட்டார்.

"இனிமே எல்லா நாளும் ஒரே அளவுதாண்ணே."

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு. இத்தனை வருடத்தில் குத்திப் பார்த்த எந்த நாளிலும் அவருக்கு இவ்வளவு குறைந்து வந்ததில்லை.

"நல்லா இருக்குண்ணே," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"இருக்கும்மா," என்றார் பொன்னுரங்கம். "இனிமே இந்த ஒடம்புக்கு வேற இன்னா வேலை?"