சிமெண்ட் வைத்த பீரோ

பகல் பதினொன்று நாற்பது. ஏழாம் வகுப்புக் கரும்பலகைக்கு மேலே இருந்த கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன், அதனால் நேரம் நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். தெற்கே தென்னைகளுக்கு மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புகை எழுந்தது. வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் அந்த நிறத்தில்தான் வரும். "யார் வீட்டுப் போரோ எரியுது. அணைக்கிறவங்க அணைப்பாங்க. நீங்க கணக்கைப் போடுங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

சத்துணவு சமைக்கும் அம்மா ஈரக் கையோடு வகுப்பு வாசலில் வந்து நின்று, "டீச்சர், உங்க கொல்லைங்க" என்றபோது பதினொன்று ஐம்பது. அந்தப் பத்து நிமிடத்தை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் வீடு எரிந்துகொண்டிருந்தது, நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி தூரம். என் கணவர் மஸ்கட்டுக்குப் போய் அப்போது பதினான்கு வருடம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தார்கள். மீதிப் பேர் அவர்கள் அனுப்புவதைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்து அவருடைய போன் வரும். பிள்ளை எப்படி, மழை உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்து, வைக்கும்முன் "எல்லாம் பத்திரம்" என்பார். அது கேள்வியா கட்டளையா என்று எனக்குத் தெரிந்ததில்லை. ஏற்கெனவே பூட்டிய பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். அந்த ஒரு சொல் என்னை இன்னும் மோசமாக்கியது.

பக்கத்து ஊரில், எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் ஒரு வீட்டுப் பீரோவை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேள்விப்பட்ட வாரமே கொத்தனாரை அழைத்து, எங்கள் பின்னறைப் பீரோவின் நான்கு கால்களையும் தரையோடு சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னேன். "பீரோ ஓடிப்போயிடுமா டீச்சர்?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாவி இரண்டு. ஒன்று என் கைப்பையில். இன்னொன்றை வீட்டில் எங்கே வைத்தாலும் நிம்மதியில்லை என்று, விடுமுறைக்கு வந்திருந்த கணவரிடம் கொடுத்து மஸ்கட்டுக்கே அனுப்பிவிட்டேன்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, மகளின் டி.சி. ஓரத்தில் ஈரக் கறை பட்டது. அவளுடைய சான்றிதழ்கள் மொத்தம் பதினான்கு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இன்ஜினீயரிங் செமஸ்டர் எட்டு, பட்டம், மற்றவை. எல்லாவற்றையும் லேமினேட் செய்யத் தூக்கிக்கொண்டு மன்னார்குடி போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டார். அந்தப் பக்கம் கண்ணாடி போல மின்னிக்கொண்டு வெளியே வந்தன. "இனிமே மழை, கரையான், நெருப்பு எதுவும் அண்டாதுங்க. உங்க பேரப்பிள்ளைகூட எடுத்துப் பார்க்கலாம்" என்றார். நிலப் பத்திரத்தையும் கொண்டுபோயிருந்தேன். நீளம் அதிகம், மெஷினில் நுழையவில்லை. "அதைச் சும்மா மடிச்சு வச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பாவம் பத்திரம், என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து, எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகள் வந்தபோது கேட்டாள். "சர்டிபிகேட்டெல்லாம் குடுத்துடும்மா, நானே வச்சுக்கிறேன். சிங்கப்பூர் வேலைக்கு எப்ப வேணாலும் ஒரிஜினல் கேப்பாங்க."

"ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல நாலு பேர் கிடக்குறீங்க. பஸ்ல ஏறினா தூங்கிடுவே. எவனாவது பையைத் தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவே?"

"இருபத்திரண்டு வயசும்மா எனக்கு."

"கேக்கறப்ப வந்து வாங்கிட்டுப் போ. இங்க பத்திரமா இருக்கும்."

அவள் வெறும் பையோடு சென்னை திரும்பினாள். மாசியில் சிங்கப்பூர்க் கம்பெனி கூப்பிட்டது. திங்கட்கிழமை சென்னையில் ஒரிஜினல்களைக் காட்ட வேண்டும், சனிக்கிழமை காலை வந்து எடுத்துப்போகிறேன் என்று போன் செய்தாள். வீடு எரிந்தது வியாழக்கிழமை.

எங்கள் தெருக்கோடியில், சிங்கப்பூரிலிருந்து வந்து மாடி வீடு கட்டியவர் தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருந்தார். சீர்வரிசை ஊர்வலத்தில் ராக்கெட் விட்டார்கள். உச்சி வெயிலில், பக்கத்துக்கு நான்கு வைக்கோல் போர் நிற்கும் தெருவில், வெளிச்சம்கூடத் தெரியாத வாணத்தை எதற்கு விட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்று எங்கள் கொல்லையில், என் கொழுந்தனார் அடுக்கியிருந்த போரில் விழுந்தது. போருக்கும் பின்னறைச் சுவருக்கும் இரண்டு முழ இடைவெளிகூட இல்லை. தள்ளிப் போடுங்கள் என்று அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

நான் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது பின்னறைக் கூரையின் மரச்சட்டங்கள் பிடித்து, ஓடுகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. பந்தியிலிருந்து எழுந்து வந்த ஆண்கள் குளத்திலிருந்தும் அடிபம்பிலிருந்தும் குடம் குடமாக ஊற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பம்புசெட்டுக்குக் கரண்ட் பகல் ஒரு மணிக்குத்தான் வரும். மைக் செட்காரர் எங்கே போனாரோ, விழா வீட்டு ஒலிபெருக்கி மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாமல், வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு வந்தது. வந்து பத்தே நிமிடத்தில் அணைத்தும்விட்டார்கள். அந்தப் பந்தல் இல்லாதிருந்தால் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

வாசலில் டி.வி. இருந்தது, போர்வை சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்ததுபோல. பக்கத்தில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, தையல் மெஷின். கொழுந்தனார் முகமெல்லாம் கரியோடு என்னிடம் வந்தார். "முடிஞ்சதெல்லாம் எடுத்துட்டோம் அண்ணி. பீரோதான் அசைய மாட்டேங்குது. ஏழு பேரு பிடிச்சோம். என்னத்தை வச்சிருக்கீங்க அதுல?"

சிமெண்ட் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் பீரோவைத் தொடும் அளவுக்குச் சூடு தணிந்தது. பெயிண்ட் முழுக்க உரிந்து, பூட்டு இறுகிவிட்டிருந்தது. பத்திரமாக என்னிடமே இருந்த சாவி அதில் திரும்பவில்லை. கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். பாதித் தெரு கொல்லையில் நின்றது. உள் லாக்கரில் நகைப்பெட்டியின் வெல்வெட் கருகியிருந்தது, நகைக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். "மாதா காப்பாத்திட்டா டீச்சர்" என்று எதிர்வீட்டு அம்மா என் தோளைத் தட்டினார். நிலப் பத்திரம் துணிப்பைக்குள் மடித்தபடியே இருந்தது. விளிம்பு லேசாகப் பழுப்பேறியிருந்தது, ஒவ்வோர் எழுத்தையும் படிக்க முடிந்தது.

சான்றிதழ் ஃபைலை எடுத்தேன். அது ஃபைலாக இல்லை. பதினான்கு தாள்களின் பிளாஸ்டிக்கும் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஆறி, ஒரே பலகையாகியிருந்தது. ஓரமெல்லாம் கரும்பழுப்பு. மேலே இருந்தது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். கொப்புளங்களுக்கு நடுவே கணக்கு 98 என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். எண்களே பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்தன. விட்டுவிட்டேன்.

"என்னக்கா அது?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாப்பா சர்டிபிகேட்."

"பேப்பர்தானே, திருப்பி வாங்கிக்கலாம். நகை தப்பிச்சுதே, அதைச் சொல்லுங்க."

இரவு கணவர் போன் செய்தார். முதல் கேள்வி, உனக்கு ஒன்றுமில்லையே. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். இரண்டாவது நகை. மூன்றாவது நிலப் பத்திரம். நான்காவது கேள்வி இல்லை. நானாகச் சொன்னபோது, "அப்படியா? சரி, மத்ததெல்லாம் இருக்குல்ல" என்றார். பதினாறு வருடம் அந்தப் பெண் படித்த படிப்பு 'மத்ததெல்லாம்' என்பதற்கு வெளியே நின்றது. அன்று பதில் சொல்லாமல் போனை வைத்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் பலகையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மன்னார்குடி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பிரிக்க ஏதாவது வழி இருக்குமா என்று கேட்கத்தான். கடைக்காரர் வாங்கி இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார்.

"நெருப்பு அண்டாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க. நீங்க வீட்டையே கொளுத்துவீங்கன்னு நான் கண்டேனா? இதுவே சூட்டுல ஒட்டுற சாமான்தானே."

சூட்டில் ஒட்டுகிற சாமான். அவர் மெஷினிலிருந்து அது சுடச்சுட வெளியே வந்ததை நானும்தான் நின்று பார்த்தேன். பிள்ளைகளுக்கு அறிவியலும் சேர்த்து எடுக்கிறவள் நான். அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் என் பக்கம் திரும்பியது.

மகள் படித்த பள்ளிக்குப் போனேன். நகல் வாங்க வேண்டுமென்றால், தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸில் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"என்னங்கம்மா காணாப்போச்சு?"

"காணாப்போகலைங்க. எரிஞ்சுபோச்சு" என்று பலகையை மேஜைமேல் வைத்தேன்.

அவர் தூக்கிப் பார்த்தார். "அதான் இருக்கே."

"இருக்குங்க. பிரிக்க முடியலை, படிக்க முடியலை."

"கையில இருக்கறதைக் கிடைக்கலைன்னு நான் எப்படிங்க எழுதித் தர்றது? நீங்க டீச்சர் வேற."

பக்கத்து மேஜை ஏட்டு தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பேசாம ஆத்துல போட்டுட்டு வாங்க டீச்சர். தொலஞ்சுதுன்னு அய்யா எழுதிடுவாரு."

"ஆத்துல தண்ணி ஏதுங்க?"

"அப்ப ஜூன்ல வாங்க. அதுவும் மேட்டூர் திறந்தா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை, டீகூட வரவழைத்தார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் காகிதம் கிடையாது, பொய் சொன்னால் உடனே உண்டு என்று அரசாங்க மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கெட்டுப்போன சான்றிதழை ஒப்படைத்து நகல் வாங்கத் தனி வழி உண்டு என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பள்ளியில் கேட்டபோதும் ஸ்டேஷனில் கேட்டபோதும் அது ஒருவர் வாயிலும் வரவில்லை.

திரும்பும்போது பள்ளிக்கூடம் விட்டுச் சாயங்காலமாகியிருந்தது; பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டேன். போட்டுவிடலாம் என்றுதான் இறங்கினேன், மறைப்பதற்கில்லை. கீழே முழுக்க மணல். நடுவில் ஸ்டம்பு நட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதில் பாதி என் வகுப்பு. போட்டிருந்தால், டீச்சர் உங்க பை விழுந்துடுச்சு என்று ஓடிவந்து கையில் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஒரு வாரம் பொறுத்தது, பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. நகல்கள் வந்து சேர அடுத்த பொங்கல் ஆயிற்று. விழா வீட்டுக்காரர் ஓடும் சட்டமும் மாற்றித் தந்தார், தட்டில் பழம் வைத்து மன்னிப்பும் கேட்டார். "நல்லவேளை டீச்சர், பெரிசா ஒண்ணும் போகலை" என்று அவரும் சொன்னார். ஊரைப் பொறுத்தவரை ஒன்றும் போகவில்லை.

மகளிடம் போனில், கொல்லையில் போர் எரிந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். சான்றிதழைப் பற்றி அவள் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது எதுவும் போகாது என்று நம்பியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்தாள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த முகம், தோளில் பை. நேராகப் பின்னறைக்குப் போய், கூரையில்லாத இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தாள். பீரோவின் கால்களைப் பார்த்தாள். சிமெண்டைக் குனிந்து தொட்டாள். நான் பலகையைக் கொண்டுவந்து நீட்டினேன். ஏதேதோ சொல்ல நினைத்து, "லேமினேட் பண்ணியிருந்தேன்" என்று மட்டும் வந்தது.

வாங்கி வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"நெருப்புக்கு பயந்தே, சரி. திருடனுக்கு பயந்தே, சரி. எனக்கு எதுக்கும்மா பயந்தே?"

ஹாஸ்டல், பஸ், தூக்கம் எல்லாம் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. "ஸ்டேஷன்ல நகலுக்கு எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க" என்றேன். அவள் பலகையைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"முகம் கழுவிட்டு வர்றேன். அந்த ஸ்டேஷனுக்குப் போவோம். நான் பேசிக்கிறேன், நீ பேசாம வா."