கம்பைநல்லூர்க் கிணற்றுத் தண்ணீர்

கம்பைநல்லூர்ப் புளி வியாபாரி நூர் பாஷா, எந்தப் புளி உருண்டையையும் நடுவில் பிளந்து முகர்ந்து பார்க்காமல் வாங்கியதில்லை. உள்ளே மண்ணை வைத்து உருட்டுகிறவர்களை அவருக்குத் தெரியும். 1974இல் மனைவி அஸ்கரி பேகத்துடன் பம்பாயில் ஹஜ் கப்பல் ஏறியபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கப்பலில் கொடுத்த ரொட்டியைப் பிளந்தார், முட்டையைப் பிளந்தார், கடைசியில் எதையும் தின்னவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த அவலும், தகரக் கேனில் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் போதும் என்றார்.

நான்காம் நாள் வயிற்றால் போகத் தொடங்கியது. கக்கூசுக்கும் படுக்கைக்கும் நடந்தே ஓய்ந்துபோனார்.

"சமையக்காரன் நம்ம தட்டுல என்னமோ தடவியிருக்கான்."

கப்பல் சோற்றைத் தின்றவர்கள் எல்லாம் நன்றாயிருக்க, தின்னாத இவருக்கு மட்டும் எப்படி? அஸ்கரி பேகம் கேனைத் திறந்து முகர்ந்தாள். குட்டை நாற்றம். சத்தமில்லாமல் கடலில் கொட்டினாள். கேனை வெந்நீரில் கழுவி, கப்பல் டாக்டர் சொன்னபடி கொதித்து ஆறிய கப்பல் தண்ணீரை நிரப்பினாள். உப்பும் சர்க்கரையும் கலந்து அடிக்கடி ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"வூட்டு உப்பு, வூட்டுச் சர்க்கரைங்க."

இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா, நம்மூர்த் தண்ணிய."

"ஆமாங்க."

அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டு சலாவுதீன் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். நூர் பாஷா அந்தக் கேனையே அவருக்கு எடுத்து வைத்தார். "நம்ம கெணத்துத் தண்ணிய ரொப்பிக்கிட்டுப் போங்க. வேற எதயும் நம்பாதீங்க."

மறுநாள் பார்த்தால் கேனின் அடியில் ஆணி ஓட்டை. அதை நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

"அந்தக் கப்பல்காரனுங்க வேலதான் இது."

"இருக்குமுங்க" என்றாள் அஸ்கரி பேகம்.